குமிழி நடுவில் நின்ற தரை

ராஜா அண்ணாமலைபுரம்
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அண்ணி, பெரிய செய்தி, மூச்சு வாங்குகிறது, நலமா என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நம் வீட்டுக் குளியலறைத் தரையை இன்று காலை நானே சுத்தியலால் உடைத்துவிட்டேன்!

ஒரு டைல்கூட மிச்சம் இல்லை. இருபதும் தூள். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "வேலம்மா, இன்னா வூட்டை இடிச்சிக்கினு கீறீங்களா? எங்க வூட்டு மேல்கூரை உதிருது" என்று கத்தினார். அம்மா வாசலில் நின்றபடியே, "உதிரட்டும் நைனா. எங்க வூட்ல உதிர்ந்ததைவிடவா?" என்றாள். அவர் இறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் வாட்ஸ்அப், இன்ஸ்டா எல்லாவற்றிலும் என்னை பிளாக் செய்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இதுதான் என் முதல் கடிதம். தப்பு இருந்தால் மன்னியுங்கள். எழுத்தில் உள்ள தப்பைச் சொல்கிறேன். மற்றதற்கு மன்னிப்புக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

நான் வீடு ரிப்பேர் வீடியோ பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். என் வயசுப் பெண்கள் நடிகர் படத்தை போனில் வைப்பார்கள், நான் டிரில்லிங் மெஷின் படத்தை வைத்திருப்பேன். மண்டைவெளி கடையில் மட்டம் பார்க்கிற அந்த மஞ்சள் ரசமட்டத்தை வாங்கி வந்த அன்று அண்ணன், "இன்னா ஜோதி, இவ்ளோ பெரிய தெர்மாமீட்டர்? யானைக்கு ஜுரமா?" என்று கேட்டான். நீங்கள்தான் அதைக் கையில் வாங்கி, கண்ணாடிக்குள் ஓடும் குமிழியைப் பார்த்து, "மீன்குஞ்சு மாதிரில்லா ஓடுது" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! வீட்டில் ஒருவராவது என் பொருளைத் தொட்டுப் பார்த்தீர்களே.

இரண்டு கோடுகளுக்கு நடுவில் குமிழி நின்றால் மட்டம். ரசமட்டமே சரியா என்று தெரியவேண்டுமானால் அதே இடத்தில் தலைமாற்றி வைத்துப் பார்க்கவேண்டும், அப்போதும் குமிழி நடுவில் நின்றால் நம்பலாம். இதையெல்லாம் உங்களிடம்தான் சொல்லிக்காட்டினேன். அடுப்படிப் பலகையைச் சரி செய்தேன், குக்கர் தானாக நகருவது நின்றது. கண்ணாடியைச் சரி செய்தேன். அண்ணன் தினமும் தலையைச் சாய்த்தே சீவிக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் குளியலறை. உங்கள் வளைகாப்புக்கு என் பரிசு. விரிசல் விட்ட பழைய சிமெண்டுத் தரை, பாசி, உங்களுக்கு ஏழாம் மாதம். புதுத் தரை போடவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொரு டைலின் மேலும் ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்தேன். சத்தியமாக அண்ணி, ஒன்றில்கூடக் குமிழி நடுவை விட்டு அசையவில்லை.

ஜூன் எட்டாம் தேதி வளைகாப்பு முடிந்ததுமே நீங்கள் பாலவாக்கம் போயிருக்கவேண்டும். உங்கள் அப்பா, வெள்ளையடிக்கிற வேலை முடியவில்லை, பத்து நாள் கழித்துக் கூட்டிப்போகிறேன் என்றார். பதினேழாம் தேதி காலை நீங்கள் வழுக்கி விழுந்தீர்கள். இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

விழுந்ததால்தானா என்று உறுதியாகச் சொல்லமுடியாது என்று டாக்டர் சொன்னார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கிப் பார்த்தேன். முடியவில்லை.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. விடிந்ததும் கீழே பொதுக்குழாயில் குளித்துவிட்டு தி.நகர் துணிக்கடைக்குப் போய்விடுகிறான். அந்தக் குளியலறைக் கதவை அவன் தொடுவதே இல்லை. அதனால்தான் உடைத்தேன்.

நீங்கள் வீட்டுக்கு வரவேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஜோதிலட்சுமி

*

பாலவாக்கம்
11 ஆகஸ்ட் 2025

ஜோதி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து அப்பாதான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு, "அந்த வீட்டுக் காயிதத்துக்கு இங்க என்னட்டி சோலி?" என்று வெங்காய மூட்டை மேல் போட்டார். நான் போய் எடுத்துக்கொண்டேன்.

நிறைய எழுதியிருக்கிறாய். அதில் பாதி அந்த மஞ்சள் குச்சியைப் பற்றி. அது எப்படி வேலை செய்யும் என்று எனக்கு நீ மறுபடியும் பாடம் எடுக்கவேண்டாம்.

தரையை உடைத்தாயாமே. யாருக்காக உடைத்தாய்? எனக்காகவா, உனக்காகவா? பதிலை எனக்கு எழுதவேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. குழந்தை இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது? பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப் பூவை வாங்கி வந்து வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினாள். இங்கே தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனால் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். இதை உன் அண்ணனிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வளைகாப்பு அன்று எடுத்து நீ இன்ஸ்டாவில் போட்ட அந்த வீடியோ இன்னும் இருக்கிறது, அம்மா போனில் பார்த்தேன். அந்தத் தரையில் நான் நடந்து காட்டுகிறேன். கொலுசுக் கால் மட்டும் தெரிகிறது. பின்னால் உன் குரல், "பார்த்தீங்களா மக்களே, எங்க அண்ணிக்காக! கண்ணாடி மாதிரி மட்டம்!" என்று கத்துகிறது. அதன் கீழே போன வாரம் ஒருத்தி, "பையனா பொண்ணா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். நீ பதில் போடவில்லை. வீடியோவை நீக்கவும் இல்லை.

நீக்கு.

உன் அண்ணனையும் இங்கே வரவேண்டாம் என்று சொல். வந்தால் கடை வாசலில் நின்று அழுகிறார். சாமான் வாங்க வருகிறவர்கள் பார்க்கிறார்கள்.

இசக்கியம்மாள்

*

ராஜா அண்ணாமலைபுரம்
16 ஆகஸ்ட் 2025

அண்ணி,

கடிதம் வந்த நிமிடமே வீடியோவை நீக்கிவிட்டேன். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. நீக்காமல் வைத்திருந்ததற்கு அதுதான் காரணம். வேறு நல்ல காரணம் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீக்கும் முன்னால் உங்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது என்று புரிந்தது. வீடியோ போனால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். அப்புறம் யாருக்கும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் பதினொன்றாம் தேதி அந்த வீடியோவின் கீழே ஒருவர் எழுதினார். பெயர் ஹம்மாத். பெருங்குடியில் டைல்ஸ் ஒட்டுகிறவர். "சிஸ்டர், வேலை நீட்டா இருக்கு. ஆனா பாத்ரூம்ல மட்டம் வெச்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்? ஒரு மக் ஊத்திக் காட்டுங்களேன்."

அதற்கு இருபத்தாறு பேர் சிரித்திருந்தார்கள். ஒருத்தன், "மச்சி, அக்கா நீச்சல்குளம் கட்டியிருக்காங்க" என்று போட்டிருந்தான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெண் பிள்ளை செய்தால் இப்படித்தான் குறை சொல்வார்கள் என்று நினைத்தேன். கமெண்டை அழித்தேன். அவரை பிளாக் செய்தேன். குளியலறைக்குப் போய் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஊற்றவில்லை அண்ணி. அன்று முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. ஊற்றினால் என்ன தெரியும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய தரை, தண்ணீர் வெளியே போகும் ஓட்டைப் பக்கமாகச் சரிந்திருந்தது. ரசமட்டத்தை வைத்தபோது குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது. ஐயோ, கோணல்! எத்தனை வருடமாக இந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். தண்ணீர் போவதற்காக அந்தக் காலத்துக் கொத்தனார் வைத்த சரிவை, கூடுதலாகக் கலவை போட்டு நிரப்பி, நான் சரி செய்தேன்.

முந்தாநாள் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"முன்னாடியே ஒருத்தன் சொன்னானா?"

"ஆமா."

"எத்தினி நாள் முன்னாடி?"

"ஆறு நாள்."

மீதிப் பித்தானைப் போடவே இல்லை. சாப்பாட்டு டப்பாவையும் எடுக்காமல் படியிறங்கினான். கடை ஆட்கள் தங்கும் அறையில் இருக்கிறானாம். வீட்டுக்கு வரவில்லை. அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை.

யாருக்காக உடைத்தாய் என்று கேட்டீர்கள். எனக்காகத்தான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்கமுடியவில்லை.

இனிமேல் என்னை மன்னிக்கச் சொல்லமாட்டேன்.

ஜோதி

*

பாலவாக்கம்
25 ஆகஸ்ட் 2025

ஜோதி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று உன் அண்ணன் வந்தார். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்தார். அந்தக் கமெண்ட் விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டார். எதையும் மறைத்து வைக்க அவருக்குத் தெரியாது.

நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கடையிலிருந்தே கத்தினார்: "கேட்டியா இசக்கி? ஆறு நாளைக்கு முன்னாலேயே ஒரு பய சொல்லியிருக்கான். அதை அழிச்சிப்போட்டிருக்கா அந்தப் புள்ள. கொலைகாரில்லா அவ!"

உன் அண்ணன், "மாமா, அவ என் தங்கச்சி" என்றார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இரண்டு மாதமாக இப்படித்தான். அப்பா உன்னைத் திட்டுவார், அம்மா உன்னைச் சபிப்பாள், பக்கத்து வீட்டுக்காரி வந்து கூடச் சேர்ந்துகொள்வாள். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன்.

ஜோதி, அந்தத் தரையில் தண்ணீர் நிற்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

கதவு ஓரம், இடது மூலை. குளித்து முடித்தால் கணுக்கால் நனைகிற அளவுக்கு இல்லை, ஆனால் நிற்கும். நான் தென்னந்துடைப்பத்தை எடுத்து ஓட்டைப் பக்கம் தள்ளிவிட்டு, பழைய துணியால் துடைத்துவிட்டு வெளியே வருவேன். தினமும். உன் அம்மா குளிக்கும் முன்னாலும் போய் ஒரு தடவை தள்ளுவேன். நீ குளித்தபின் தண்ணீர் நிற்பதை நீ ஏன் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறாயா? நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஓடுவாய். உனக்குப் பின்னால் போய் நான் தள்ளிவிடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கல்யாணமாகி வந்தபோது உன் தெருவில் என்னை, "கடைக்காரன் பொண்ணு, ரெண்டு மாசம் தாங்காது" என்றார்கள். நீ மட்டும்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக்காட்டினாய், இந்த ஸ்விட்ச் ஷாக் அடிக்கும், இந்த ஜன்னல் ஆணியை இப்படித் தட்டணும் என்று. எனக்காக முட்டி தேயத் தேய அந்தத் தரையைப் போட்டாய். வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினாய். உன் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை. இங்கே வந்தபிறகு போனில் சிரித்துக்கொண்டே சொல்லலாம், பார்க்காமல் சொன்னால் உனக்கும் வலிக்காது என்று தள்ளிப்போட்டேன்.

பதினேழாம் தேதி லாரித் தண்ணீர் வந்துவிட்டது என்று கீழே கத்தினார்கள். குளித்த கையோடு, குடத்தை எடுக்க அவசரமாக வெளியே வந்தேன். அன்று ஒரு நாள் தள்ளிவிடவில்லை.

உனக்கு அந்த ஹம்மாத் ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கு அந்தத் தண்ணீர் தினமும் சொன்னது.

இந்தக் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டு.

இசக்கி

*

ராஜா அண்ணாமலைபுரம்
31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அண்ணி,

காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அம்மா, "அண்ணி இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுது" என்றேன். என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும். உங்களையும் சேர்த்துத் திட்ட யாருக்கும் நான் காரணம் தரமாட்டேன்.

ஆனால் படித்துவிட்டு அந்த மூலையில் போய் உட்கார்ந்தேன். டைல் இல்லை, வெறும் ஜல்லி. நீங்கள் குனிந்து துடைத்திருக்கிறீர்கள். ஏழாம் மாத வயிற்றோடு. எனக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று. அதுதான் அண்ணி, என்னால் தாங்கமுடியவில்லை. கீழே விழுந்ததைவிட அது.

எழுந்து ஹம்மாதை அன்பிளாக் செய்து, அழித்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது: "பரவாயில்ல சிஸ்டர். வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கள்ல?" அதை விட்டுவிட்டு, ரசமட்டத்தை நம்பித் தப்பு செய்துவிட்டேன், தரையைத் திரும்பப் போடவேண்டும் என்று மட்டும் எழுதினேன். அரை மணி கழித்து அவரே குரல் பதிவு அனுப்பினார். ரசமட்டத்தைக் குறை சொல்லாதீங்க, அது கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும் என்றார். சரிவு வேண்டுமென்றால் அதனிடம் சரிவைக் கேட்கவேண்டுமாம். இரண்டடி ரசமட்டத்தின் ஒரு முனைக்குக் கீழே, ஓட்டை இருக்கிற பக்கத்து முனைக்குக் கீழே, அரை அங்குல மரத்துண்டை வைக்கவேண்டும். அப்படி வைத்துக் குமிழி நடுவில் நின்றால் தண்ணீர் ஓடும் அளவுக்குச் சரிவு இருக்கிறது என்று அர்த்தம். நாலு பக்கத்திலிருந்தும் ஓட்டையை நோக்கி இப்படியே. வழுக்காத சொரசொரப்பு டைல் போடு என்றார். கடைசியில் ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார் என்றார்.

சரிவுக்கு அளவு பார்க்க நூல் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முனையை ஆணியில் மாட்டினால் மறுமுனை அவிழ்ந்துகொண்டே இருந்தது. அண்ணன் சட்டை எடுக்க வந்தவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மறுமுனையைப் பிடித்தான். மூன்று மணி நேரம். "இழு", "விடு", இந்த இரண்டு வார்த்தைதான் பேசினான். அன்று கேட்ட அந்த இரண்டு கேள்விக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்.

அது வியாழக்கிழமை. அன்றே டைலையும் ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு நேற்று அண்ணன்தான் தண்ணீர் ஊற்றினான். கதவு ஓரம், இடது மூலையில். தண்ணீர் ஒரு நொடி நின்றது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, ஓட்டைப் பக்கம் போய்விட்டது. ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, "போய்ட்ச்சுடா கதிரேசா. இது அன்னிக்கே போயிருந்தா..." என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் மக்கைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றான்.

வாருங்கள் அண்ணி. இப்போது கேட்கிறேன், வீட்டுக்கு வாருங்கள்.

இன்னொரு வீடியோ போடவேண்டும். பழைய வீடியோவைப் பார்த்து எத்தனை பேர் தங்கள் வீட்டில் அப்படியே செய்தார்களோ! நான் செய்த தப்பு, கமெண்டை அழித்தது, எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உங்கள் பெயர் வராது, கால் வராது. நீங்கள் சரி என்றால்தான் போடுவேன்.

ஜோதி

*

பாலவாக்கம்
7 செப்டம்பர் 2025

ஜோதி,

நீ காட்டமாட்டாய் என்று எழுதியதும் நானே சொல்லிவிட்டேன். முதலில் அப்பாவிடம். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். "இத்தனை நாளா அந்தப் புள்ளையப் பேசவிட்டியேட்டி என்னை" என்றார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. என்னிடமும் அதிகம் பேசுவதில்லை.

உன் அண்ணனிடம் போனில் சொன்னேன். "நீயும் சின்னப் பொண்ணுதான் இசக்கி" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் வரவில்லை ஜோதி. கோபத்தில் சொல்லவில்லை. தரை நன்றாகத்தான் இருக்கும், நீ போட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கதவைத் திறக்க என் கை வராது. பெருங்குடிப் பக்கம் ஒரு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன் அவரிடம். அத்தையையும் உன்னையும் விட்டு அவரைப் பிரிக்கிறேன் என்று தெருவில் பேசுவார்கள். நீ அப்படி நினைக்கமாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். அந்தச் சரியான தரையில் அத்தை பத்திரமாகக் குளிக்கட்டும்.

வீடியோவைப் போடு. என் பெயரையும் போடு. நீ பேசி முடித்தபின் கடைசியில் இதைப் படி, ஒரு எழுத்தும் மாற்றாதே:

"நான் இந்த ஜோதியின் அண்ணி, இசக்கியம்மாள். போன வீடியோவில் நீங்கள் பார்த்தது என் கால்தான். உங்களில் ஒருவர் பையனா பொண்ணா என்று கேட்டிருந்தார். பெண். அவள் இல்லை. உங்கள் வீட்டுக் குளியலறையில் இன்றைக்கே ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நின்றால், துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஆசையாகச் செய்தவர் மனசு நோகுமே என்று பார்க்காதீர்கள், நான் பார்த்தேன். போய் அவரிடமே சொல்லுங்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீடு உங்களுக்குத் தெரிந்தால் இதை அங்கே அனுப்புங்கள். தண்ணீர் ஓடியதா, நின்றதா, சொன்னீர்களா, எல்லாவற்றையும் கீழே எழுதுங்கள். குழந்தை இருந்திருந்தால் எனக்குப் படிக்க நேரம் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது. எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்."